கனெக்டர் மேல் போட்ட கோடு

முதல் கோட்டை நான் போட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். நைனாவின் தொண்டையில் வைத்திருந்த குழாயும், மூச்சு மிஷினிலிருந்து வரும் டியூப்பும் சேருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் இருந்தது. வளைந்த, கட்டைவிரல் நீளச் சாமான். நான் வேலை பார்க்கிற கடையிலிருந்து சி.டி. மேல் எழுதுகிற கறுப்பு மார்க்கரைக் கொண்டுவந்து, தொண்டைக் குழாயின் விளிம்பையும் கனெக்டரின் விளிம்பையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன். அரை அங்குலம் இருக்கும். யாராவது கழற்றி மாட்டினால் மேல் கோடும் கீழ் கோடும் நேராக நிற்காது.

நைனா கண்ணைத் திறந்து பார்த்தார்.

“ஒண்ணுமில்ல நைனா, அழுக்கு” என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இல்லை அது. ஆனால் திருப்பிக் கேட்க முடியாத நிலையில் இருந்தவரிடம் சொன்ன முதல் பொய்.

நைனா போர்வெல் மோட்டார் வேலைக்காரர். செஞ்சியிலிருந்து வல்லம் வரைக்கும் நிலத்துக்குள் இறக்கியிருக்கும் பைப்புகளில் பாதி தன் கை பட்டது என்று சொல்லிக்கொள்வார். ஆடி மாதத்தில் ஒருநாள் பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்குது என்றார். மூன்றாம் நாள் நிற்க முடியவில்லை. ஐந்தாம் நாள் மூச்சை இழுக்க முடியவில்லை. உடம்பே தன் நரம்பைத் தாக்கிக்கொள்கிற நோய், வந்த வழியிலேயே மெதுவாகத் திரும்பும், எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது என்றார்கள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில். தொண்டையில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஷினை ஒரு அறக்கட்டளை இரவலாகத் தந்தது. குழாய் இருப்பதால் பேச்சு வராது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

“எல்லாத்தையும் விட இந்த ஜாயிண்ட பாத்துக்கங்க” என்று நர்ஸ் எனக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினார். “இது கழண்டு யாரும் பாக்கலன்னா அவருக்குச் சில நிமிஷந்தான்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஆன்லைன் சேவைக் கடையில் வேலை பார்க்கிறேன். பட்டா, ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று என்று ஜனங்கள் சொல்லச் சொல்ல டைப் செய்கிற வேலை. வாயில் சொல்வது ஒன்று, பேப்பரில் இருப்பது வேறொன்றாக இருக்கும். அப்போது பேப்பரைத்தான் நம்ப வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் மாதத்திலேயே தானாகப் படிந்துவிட்டது.

அதனால் மிஷினின் கையேட்டை டவுன்லோடு செய்து, கடையிலேயே பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்துக்கொண்டேன். நூற்றுச் சொச்சம் பக்கம், முழுக்க இங்கிலீஷ். தெரியாத வார்த்தைகளை போனில் தேடிப் பென்சிலால் தமிழில் எழுதி ஒரு வரி விடாமல் படித்தேன். நடுநடுவே படங்கள் வந்தன. அவற்றைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்காகப் போட்டவை என்று என் எண்ணம்.

மிஷினை வைக்க எங்கள் வீட்டில் இடமும் முன்பே முடிவாகியிருந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கடப்பாக்கல் அலமாரி. அதில் அம்மா என் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து டிகிரிப் புத்தகம் வரைக்கும் அடுக்கி வைத்திருந்தாள். படிக்கிற பொருளும் கரண்டு பொருளும் கால் படுகிற இடத்தில் இருக்கக் கூடாது. அது அவளுடைய சட்டம். புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு மிஷினை அங்கே உட்கார வைத்தாள். குங்குமமும் வைத்தாள். ஸ்விட்ச் போர்டும் அதே உயரத்தில்தான் இருந்தது. நல்ல இடம் என்று நானும் சொன்னேன்.

பகலில் நைனாவைப் பார்த்துக்கொள்ள வல்லம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா வந்துபோனாள். பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தவள். காலை பத்து மணி பஸ்ஸில் வருவாள், ஐந்து மணி பஸ்ஸில் போவாள். எழுதத் தெரியாது. நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். சளி உறிஞ்சினால் ஒரு புள்ளி, கனெக்டரைக் கழற்றினால் ஒரு வட்டம். கனெக்டர் தலையில் ஒரு சின்ன மூடி உண்டு. சளி எடுக்க அதைத் திறந்தால் போதும், கனெக்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

நோட்டில் புள்ளிகள் நிறைய இருந்தன. வட்டம் ஒன்றுகூட இல்லை.

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனதும், ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்திருந்தபோது மிஷினின் பட்டன்களை அழுத்தி உள்ளே உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய அலாரங்களை எல்லாம் அது எழுதி வைத்திருந்தது. டியூப் கழன்றதாக நான்கு பதிவு. நான்கும் வெவ்வேறு நாள், நான்கும் மத்தியானம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை ஒன்று கூட இல்லை. ஞாயிறு நான் வீட்டில் இருப்பேன்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. சாயங்காலம் வந்தால் நைனாவின் இடது தோளுக்கடியில் போட்ட துண்டு ஈரமாக இருக்கும். “சளி தண்ணி தண்ணியா வருது தம்பி, இன்னான்னு கேளேன்” என்று அந்த அக்காவே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். தன் தப்பை மறைக்க முன்கூட்டியே போடுகிற பீடிகையாக இருக்குமோ என்று இப்போது பட்டது. அம்மா மத்தியானம் தூங்குவாள். நைனாவைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு ஆள் வேண்டும். இவள் அம்மாவை எழுப்பாமல் தனியாகப் புரட்டுகிறாள், அந்த இழுப்பில் கனெக்டர் கழன்றுவிடுகிறது, அவசரமாக மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். கதை எனக்குள் முழுசாக ஓடியது.

ஆனாலும் ஆதாரம் வேண்டுமே. அதற்காகத்தான் திங்கட்கிழமை அந்தக் கோடு.

சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன். தொண்டைக் குழாயின் கோடு இருந்த இடத்தில் இருந்தது. கனெக்டரின் கோடு கால் சுற்று தள்ளி, காதுப் பக்கம் போயிருந்தது. நோட்டில் வட்டம் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நேராக்கி வைத்தேன். செவ்வாய்க்கிழமையும் கால் சுற்று. புதன்கிழமையும் அதே கால் சுற்று, அளந்து வைத்த மாதிரி.

இருந்தாலும் ஆளைக் குற்றம் சொல்லும் முன் பொருளைச் சந்தேகப்படுவதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கனெக்டரில் விரிசல் விட்டதால் கடைவீதி மருந்துக் கடையில் வேறொன்று வாங்கியிருந்தேன். அதன் மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுத்து இல்லாத பொருள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. வியாழக்கிழமை காலை அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று போய் நின்றேன். கடை வைத்திருந்த பாய் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“பாய், இதுல கம்பெனி பேரே இல்ல.”

“கவர்ல இருக்குது பாரு.”

“கவர்ல யாரு வேணும்னாலும் எழுதலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் கடை இருக்குது தம்பி. ஒன்ன மாதிரி ஒரு ஆளு இன்னிக்குத்தான் வரான். சரி, இன்னா கம்ப்ளைண்டு?”

“தானா லூஸ் ஆவுது. தெனம் கால் சுத்து திரும்பிக்கிது.”

“கழண்டு கீழ வுழுந்து கிடக்குதா?”

“இல்ல. மாட்டித்தான் இருக்குது. திரும்பி மட்டும் இருக்குது.”

பாய் சிரித்தே விட்டார். “தானா கழண்டா கழண்டுதான கிடக்கும்? அதுக்கா கை மொளச்சி, கழட்டிகினு, மறுபடியும் மாட்டிக்கிமா? ஒங்க வூட்ல யாரோ கழட்டி மாட்டுறாங்க தம்பி. என் சரக்க வுட்டுட்டு ஒன் வூட்ட பாரு.”

பொருள் தப்பித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஆள்.

அன்றைக்கு ஓனரிடம் சொல்லிக்கொண்டு மத்தியானம் இரண்டரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கோடு திரும்பியிருந்தது. அந்த அக்கா நைனாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னிக்கி கனெக்டர கழட்டினியா?”

“இல்லியே.”

“அலாரம் அடிச்சிதா?”

“அப்பப்ப கீக்குனு ஒண்ணு குடுக்கும். சோத்துத் தட்ட வச்சிட்டு நான் ஓடியார்துக்குள்ள நின்னுடும். வந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“அத ஏன் எனக்குச் சொல்லல?”

“எல்லாம் சரியா இருக்குதுன்னு வந்து சொல்லணுமா?”

நான் மார்க்கர் கோட்டைக் காட்டினேன். மூன்று நாளாகப் பார்த்து வருவதைச் சொன்னேன். அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த எண்ணெயை மெதுவாகத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கா கோடு போட்ட?”

சட்டைப் பையிலிருந்த மார்க்கரைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“இன்னா தம்பி, படிச்சவன்னு பாத்தா சி.ஐ.டி. வேலயெல்லாம் பண்ற? ஒங்க நைனாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுறேன். அப்போ என் கை நல்ல கை. இத மட்டும் தொட்டா திருட்டுக் கையா?”

“தொட்டேன்னு சொன்னா ஒண்ணுமில்ல அக்கா. மறைக்கிறதுதான் தப்பு.”

“மறைக்கிறேனா? மனுசன் அங்கதான படுத்துகினு இருக்காரு. அவர கேட்டியா? வாயி வரலன்னா கண்ணு இல்லியா அவருக்கு?”

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா வாசல் வரைக்கும் பின்னால் போய்க் கெஞ்சியது கேட்டது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ‘அவரைக் கேட்டியா’ என்று அவள் சொன்னது அப்போது எனக்கு வெறும் வாய்ச்சவடாலாகப் பட்டது. பேச முடியாதவரை இவள் சாட்சிக்குக் கூப்பிடுகிறாளே என்று கோபம்கூட வந்தது. அவர் படுத்ததிலிருந்து நான் அவரிடம் கேட்டதெல்லாம் வலிக்குதா, பசிக்குதா, திருப்பட்டுமா, இவ்வளவுதான். என்ன நடந்தது என்று கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மா மட்டும் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் கோடு கால் சுற்று திரும்பியிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, நீ இதத் தொட்டியா?”

“எத?”

“நைனா கழுத்துல இருக்கிற கனெக்டர.”

“அத பாத்தாலே எனக்குக் கை நடுங்குது, நான் எங்கடா தொடுவேன்?”

“அப்போ யாரு தொட்டாங்க?”

அம்மா யோசித்தாள். “கொரங்கா இருக்கும்டா. கோட்டையிலேர்ந்து வர்றதுங்கோ பெரிய கேடி. நேத்து ரேஷன் சக்கரைய பையோட தூக்கிகினு போச்சி.”

“கொரங்கு கழட்டும். திருப்பி மாட்டுமா?”

“எனக்கு இன்னாடா தெரியும்? அந்தப் பொண்ண தொரத்தியாச்சி. இப்போ என்ன கேக்குற. நாளைக்குக் கட்டில கேப்ப.”

கோபமாகச் சொன்னாலும் அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவளை நம்பினேன் என்று எழுத ஆசைதான். நம்பவில்லை. சோர்ந்து போனவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று போனில் நான் நிறையப் படித்திருந்தேன். அம்மா ஐந்து மாதமாகச் சரியாகத் தூங்கியதில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன்.

சனிக்கிழமை வழக்கம்போல வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பினேன். ஒன்றேகால் மணிக்குத் திரும்பி வந்து, வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில், ஜன்னல் ஓரமாக நின்றேன். உள்ளே கட்டில் தெரிந்தது. ராஜகிரிக் கோட்டை மலையின் பாறைச் சூடு மார்கழியிலும் மத்தியானத்தில் சந்துக்குள் இறங்கும். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“இன்னாடா, சொந்த வூட்டு ஜன்னலயே எட்டிப் பாத்துகினு நிக்கிற?”

உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா நைனாவின் வாயைத் துடைத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சாப்பிடப் பின்கட்டுக்குப் போனாள். அறையில் யாரும் இல்லை. மிஷின் மூச்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் டியூப்புக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எப்போதும் உண்டு. அது மிஷினின் சத்தம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நைனா கண்ணைத் திறந்தார். கதவைப் பார்த்தார். பிறகு அவருடைய இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

அந்தக் கை அசையாது. தினமும் அதை நான்தான் தூக்கி மடக்கிப் பயிற்சி கொடுப்பேன். ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். அது இப்போது தானாக, நடுங்கிக்கொண்டே, நெஞ்சின் மேல் ஏறி, கழுத்துக்கு வந்து, கனெக்டரைப் பிடித்தது.

கழற்றப் போகிறார் என்று தெரிந்தது. எதற்காக என்றும் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். ஐந்து மாதம் அசையாமல் கிடந்த மனிதர், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தன் மூச்சைத் தானே பிடுங்குகிறார். தினமும் முயன்று, தினமும் தைரியம் போய்த் திரும்ப மாட்டிக்கொள்கிறார். இன்றைக்கு மாட்டாமல் விட்டுவிட்டால்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடியிருக்க வேண்டும்.

கனெக்டர் கழன்றது. நைனா அதைத் தோளுக்குக் கீழே தாழ்த்தினார். இரண்டு தடவை உதறினார். டியூப்புக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. சொட்டு இல்லை, ஒரு வாய்த் தண்ணீர். துண்டு அதை உறிஞ்சிக்கொண்டது. டியூப்பைக் காதோரம் கொண்டுபோய் ஒரு கணம் கேட்டார். பிறகு கழுத்துக்குக் கொண்டுவந்து, தடவிப் பார்த்து, அழுத்தி, கால் சுற்று திருப்பினார். ஆயிரம் பைப்புகளில் அவர் கை செய்து நான் பார்த்திருக்கும் அதே திருப்பல். ஜாயிண்டை உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் ஒரு கால் சுற்று. அலாரம் அடிக்கவே இல்லை. அவ்வளவு வேகம். கை தாமதித்த அந்த நான்கு நாட்கள்தான் மிஷினில் பதிவாகியிருக்கின்றன.

மூச்சு மிஷின் இப்போது களக் சத்தம் இல்லாமல் ஓடியது.

வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். கை போர்வைக்குள் போய்விட்டிருந்தது. முகம் எப்போதும் போல. நான் கட்டில் ஓரம் மண்டியிட்டேன்.

“நைனா. நான் பாத்துட்டேன்.”

அவர் கண் அசையவில்லை.

“சாவப் பாத்தியா நைனா?”

இரண்டு தடவை மூடித் திறந்தார். உடனே மறுபடியும் இரண்டு தடவை, அழுத்தமாக.

“அப்போ தண்ணிக்காகவா?”

ஒரு தடவை.

போர்வைக்குள்ளிருந்து கையை மெதுவாக எடுத்தார். ஒரு விரல் மேலே அலமாரியைக் காட்டியது. அங்கிருந்து டியூப் வருகிற வழியாகச் சரிவாக இறங்கி, தன் தொண்டையில் வந்து நின்றது. மூன்று தடவை அதே கோட்டைக் காற்றில் இழுத்தார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. மிஷின் சூடான ஈரக் காற்றை அனுப்புகிறது. ராத்திரி மார்கழிக் குளிரில் டியூப்புக்குள் அது தண்ணீராகித் தேங்குகிறது. மேலே இருந்து கீழே வருகிற பைப்பில் தண்ணீர் எங்கே போகும்? நல்ல இடம் என்று நான் ஒப்புக்கொண்ட உயரத்திலிருந்து என் நைனாவின் நுரையீரலுக்குள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். சளி தண்ணி தண்ணியாக வருகிறது என்று அந்த அக்கா சொன்னது இதைத்தான்.

ஸ்பைரல் போட்ட கையேட்டை எடுத்தேன். நான் புரட்டித் தள்ளிய பக்கம் ஒன்றில் படம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஆள், கட்டிலை விடத் தாழ்ந்த ஸ்டூலில் மிஷின். பக்கத்தில் அதே படம், மிஷின் மேலே, அதன் மேல் பெருக்கல் குறி. எழுத்தே தேவையில்லாத படம். நைனாவிடம் காட்டியிருந்தால் முதல் நாளே கண்ணை மூடித் திறந்திருப்பார்.

“கை வந்துடுச்சின்னு ஏன் நைனா காட்டல?”

கேட்ட பிறகுதான் இதற்கு ஆமாம் இல்லை என்று பதில் இல்லை என்று தெரிந்தது. அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் மணிக்கட்டை.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம், கைகளில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தபோது, குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். கட்டலாமா என்று ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்டார்கள். வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான்தான். நான்தான் போட்டேன்.

“மறுபடியும் கட்டிடுவேன்னு நெனச்சியா?”

ஒரு தடவை.

“கட்ட மாட்டேன் நைனா.”

அதற்கு அவர் கண்ணை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

நர்ஸுக்கு போன் செய்தேன். முதலில் திட்டு. மிஷினை உடனே கீழே இறக்குங்கள், டியூப் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்கள் வடியுங்கள், அவரைத் தனியாகக் கழற்ற விடாதீர்கள். பிறகு குரல் மாறியது. “கை அவ்ளோ தூரம் வந்திருக்குன்னா மூச்சும் வந்துகிட்டு இருக்கலாம். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. டாக்டர் பாக்கணும்.”

அம்மா சோற்றுக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நைனாவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குள் வாய் சும்மா இருக்கவில்லை. “திருட்டு மனுசா. கை வந்துச்சின்னா மொதல்ல எனக்கு ஒரு சாட காட்டக் கூடாதா? நான் இன்னா கட்டியா போடுவேன்?” மிஷினைத் தரைக்கு இறக்குவதில் அவளுக்குப் பெரிய தயக்கம். கடைசியில் முக்காலி மேல் வைத்துவிட்டு, தெரியாமல் அதன் பக்கத்தில் கால் பட்டுவிட்டதற்குத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஞாயிறு காலை வல்லம் பஸ் பிடித்தேன். அந்த அக்கா வீட்டு வாசலில் மல்லாட்டை உடைத்து முறத்தில் கடலையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை இன்னும் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், கை, படம், கையெழுத்து, அம்மா சந்தேகப்பட்ட குரங்கு வரைக்கும். தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்போ நான் கழட்டல.”

“இல்ல அக்கா.”

“கொரங்கும் கழட்டல.”

“இல்ல.”

“சளி தண்ணியா வருதுன்னு நான் சொன்னேனா இல்லியா?”

“சொன்ன.”

“அத எந்தக் கட்டத்துல எழுதின?”

எழுதவில்லை. அப்படி ஒரு கட்டமே நான் போட்டிருக்கவில்லை.

அவள் இரண்டு மூன்று மல்லாட்டையை உடைத்தாள். “வரேன். ஒனக்காவ இல்ல, அந்த மனுசனுக்காவ. ஆனா ஒண்ணு. நோட்டு வச்சிக்க, ஒனக்கு எழுதலன்னா தூக்கம் வராது. கோடு போட்டன்னா அன்னிக்கே அஞ்சி மணி பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டேன். நடந்தே போயிடுவேன்.”

“போட மாட்டேன்.”

“அதயும் நோட்டுல எழுது. நான் வேணா ரேக வைக்கிறேன்.”

திங்கட்கிழமை காலை அவள் பத்து மணி பஸ்ஸில் வந்தாள். அன்றைக்குப் பழைய கனெக்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்ட வேண்டும். பாயிடம் வாங்கியதுதான், எழுத்து இல்லாதது. அவள் ஒரு கையால் தொண்டைக் குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் பழையதைக் கழற்றினேன். மிஷின் கீக் என்றது. புதியதை வைத்து அழுத்திக் கால் சுற்று திருப்பினேன். நைனா இடது கையைத் தூக்கி அதைத் தொட்டுப் பார்த்தார். சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. தானே இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

தொண்டைக் குழாயில் மட்டும் என் பழைய கறுப்புக் கோடு மிச்சம் இருந்தது. மேலே கனெக்டர் வெள்ளையாக இருந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது பழக்கத்தில் சட்டைப் பையில் கை வைத்தேன். மார்க்கர் அங்கேதான் இருந்தது. அந்த அக்கா சளி டப்பாவைக் கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க்கரை எடுத்து அவர் இடது கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.